90 நாள்: இருந்ததால் குணமானார்களா, குணமாகக்கூடியவர்கள் இருந்தார்களா?

இந்தக் குறிப்பு ஒரு திருத்தம். எழுத்தில் சொன்னதற்கு இல்லை, போனில் சொன்னதற்கு.

போன வருஷம் என் கல்லூரி நண்பன் ஒருவன் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். குடிப்பழக்கத்துக்காக அவன் தம்பியை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தார்கள். 90 நாள் பேக்கேஜ், பணம் முன்கூட்டியே கட்டியாச்சு. தம்பி 41-ஆவது நாள் அங்கிருந்து தப்பித்து வீட்டுக்கு வந்துவிட்டான். மையத்துக்குப் போன் போட்டால், "தொண்ணூறு நாள் முடிக்காம போனா இதுவரைக்கும் இருந்ததும் வீண் சார். வண்டி அனுப்புறோம், ஏத்தி விடுங்க" என்றார்களாம். என்னடா பண்றது என்று கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "ஆமாடா, ரிசர்ச்சும் அதைத்தான் சொல்லுது. தொண்ணூறு நாளுக்குக் கம்மின்னா பெருசா பிரயோஜனம் இல்லை" என்றேன். எப்போதோ படித்தது, சட்டென்று வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வண்டி வந்தது. இரண்டாவது முறை தம்பி அங்கே இருந்தது பன்னிரண்டே நாள். வெளியே வந்தவன் இந்த முறை வீட்டுக்கு வரவில்லை. மூன்று வாரம் எங்கே இருந்தான் என்று யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம்தான் நான் 'ரிசர்ச்' என்று சொன்னதை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நான் மருத்துவன் இல்லை, கோடு எழுதுகிறவன். ஆனால் இதில் இருக்கும் சிக்கல் மருத்துவச் சிக்கல் மட்டும் இல்லை. எண்ணைப் படிப்பதில் உள்ள சிக்கல். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பேச வரும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது

90 நாள் என்பதை யாரும் கற்பனையில் உருவாக்கவில்லை. அமெரிக்காவில் மூன்று பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் நடந்தன. முதலாவது டார்ப். 1969 முதல் 1973 வரை சிகிச்சைக்கு வந்த சுமார் 44,000 பேரின் பதிவுகள் அதில் உண்டு. அடுத்து 1979-81இல் டாப்ஸ். மூன்றாவதாக 1991-93இல் டேடாஸ், சுமார் 10,000 பேர். டார்ப் தரவை வைத்து டுவெய்ன் சிம்ப்சன் என்ற உளவியலாளர் 1970-களின் கடைசியில் எழுதிய கட்டுரைகளில்தான் இந்த எல்லைக்கோடு தெளிவாக வருகிறது. மூன்று மாதத்துக்குள் போனவர்களின் நிலை, சேர்ந்த உடனே போனவர்களின் நிலையைவிடப் பெரிதாக நன்றாக இல்லை. மூன்று மாதத்தைத் தாண்டியவர்களுக்கு, இருந்த நாள் கூடக்கூட முன்னேற்றமும் கூடியது. பின்னால் வந்த ஆய்வுகளிலும் கிட்டத்தட்ட இதே படம்தான்.

1999இல் அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமான நைடா, சிகிச்சைக் கோட்பாடுகள் என்று ஒரு கையேடு போட்டது. 13 கோட்பாடுகள். போதுமான காலம் சிகிச்சையில் இருப்பது மிக முக்கியம் என்பது அதில் ஒன்று. தங்கிப் பெறும் சிகிச்சையோ வந்துபோகும் சிகிச்சையோ, 90 நாளுக்குக் குறைந்தால் பலன் குறைவு என்றது அது. மெத்தடோன் சிகிச்சைக்குக் குறைந்தது 12 மாதம். அங்கிருந்து அந்த எண் உலகம் பூராவும் பயணம் போய், கடைசியில் நம்மூர் மையத்தின் நோட்டீஸிலும் ஏறிவிட்டது.

சிம்ப்சனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவரும் அவர் குழுவினரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. சேரும்போதே இருக்கும் மனத்தயார்நிலை, பிரச்சினையின் தீவிரம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க முயன்றார்கள். நாள் கணக்கு என்பது உள்ளே நடப்பதற்கு ஒரு வெளி அடையாளம்தான், ஆலோசகரோடு உருவாகும் உறவும் பங்கெடுப்பும்தான் உள்விஷயம் என்று பிற்காலத்தில் விரிவாகவே எழுதினார்கள். ஆனால் கட்டுரையில் இருக்கும் எச்சரிக்கை நோட்டீஸுக்கு வருவதில்லை. எண் மட்டும் வருகிறது.

என் தொழிலில் இந்தத் தப்பு தினமும் நடக்கும்

ஆப் செய்யும் கம்பெனிகளில் ரிடென்ஷன் என்று ஒரு அளவு உண்டு. "முதல் வாரத்தில் ஐந்து முறை ஆப்பைத் திறந்தவர்கள் ஒரு வருஷம் கழித்தும் நம்மோடு இருக்கிறார்கள்" என்று ஒரு கிராஃப் வரும். உடனே மேலிடம், "அப்படின்னா எல்லாரையும் ஐந்து முறை திறக்க வைங்க" என்று சொல்லும். நோட்டிஃபிகேஷனாக அனுப்பித் திறக்க வைப்போம். வருஷக் கடைசியில் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது. ஏனென்றால் அவர்கள் ஐந்து முறை திறந்ததால் பிடித்துப்போகவில்லை, பிடித்ததால் திறந்தார்கள்.

சிகிச்சையிலும் இது நடக்க முடியுமா என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இது முழுக்க என் கற்பனை எண்கள், தர்க்கத்தைக் காட்ட மட்டும்.

ஒரு மையத்தில் 100 பேர் சேர்கிறார்கள். மையம் அறவே எந்தப் பலனும் தருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 40 பேருக்கு வேலை, குடும்பம், உடம்பு ஓரளவு தாங்குகிற நிலை. இவர்களில் 60 சதவீதம் பேர் எங்கே இருந்தாலும் ஒரு வருஷத்தில் குடியை விட்டுவிடுவார்கள். மீதி 60 பேருக்கு எல்லாமே கையை விட்டுப்போன நிலை, 10 சதவீதம் பேர்தான் விடுவார்கள். முதல் கூட்டத்தில் 30 பேர் 90 நாள் முடிக்கிறார்கள், 10 பேர் பாதியில் போகிறார்கள். இரண்டாவது கூட்டத்தில் 20 பேர் முடிக்கிறார்கள், 40 பேர் போகிறார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முடித்தவர்கள் 50 பேர். அவர்களில் குடியை விட்டவர்கள் 18 + 2 = 20, அதாவது 40 சதவீதம். பாதியில் போனவர்களும் 50 பேர். விட்டவர்கள் 6 + 4 = 10, அதாவது 20 சதவீதம். "90 நாள் முடித்தால் வெற்றி வாய்ப்பு இரண்டு மடங்கு!" மையத்தின் பங்கு பூஜ்யம் என்று நாமே வைத்துக்கொண்ட பிறகும் இந்த வாக்கியம் உண்மையாக வருகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். வருஷம் கழித்து மையத்திலிருந்து முடித்த 50 பேருக்கு மட்டும் போன் போகிறது. நன்றாக இருக்கும் 20 பேரும் எடுக்கிறார்கள், மறுபடி குடிக்கிற 30 பேரில் 10 பேர் எடுக்கிறார்கள். 30-இல் 20. நோட்டீஸில் 67 சதவீத வெற்றி! உண்மையில் 100-இல் 30. லோடு டெஸ்டில் டைம்-அவுட் ஆன ரிக்வெஸ்ட்களை எல்லாம் தள்ளிவிட்டு, மீதியை வைத்து சர்வர் ரொம்ப வேகம் என்று ரிப்போர்ட் கொடுப்பது போலத்தான் இது.

தங்கும் மையங்களில் இன்னொரு கோளாறும் உண்டு. உள்ளே குடித்துவிட்டால் பல இடங்களில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆக, மறுபடி குடித்ததால் வெளியேறியவர், வெளியேறியதால் குடித்தவர் என்ற கணக்கில் போய்ச் சேருகிறார். காரணமும் விளைவும் இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன.

வெற்று மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள்

இதெல்லாம் வெறும் தர்க்கம், நிஜத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வருமா என்று கேட்கலாம். வந்திருக்கிறது, போதையில் இல்லை, இதய நோயில். அமெரிக்காவில் நடந்த கரோனரி ட்ரக் ப்ராஜெக்ட்டின் ஒரு முடிவு 1980இல் வெளிவந்தது. குளோஃபைப்ரேட் என்ற மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம், ஒழுங்காக எடுக்காதவர்களில் ஏறக்குறைய 25 சதவீதம். அடடா என்ன மருந்து என்று தோன்றும். ஆனால் ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த கூட்டத்திலும் அதே கணக்கைப் போட்டார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 15 சதவீதம், சாப்பிடாதவர்களில் 28 சதவீதம்.

வெற்று மாத்திரை யாரையும் காப்பாற்றாது. ஒரு வேலையைத் தவறாமல் செய்கிற ஆளிடம் வேறு என்னென்னவோ இருக்கிறது. அதுதான் அவரைக் காப்பாற்றுகிறது. ஆய்வாளர்கள் தங்களுக்குத் தெரிந்த வேறுபாடுகளை எல்லாம் சரிக்கட்டிப் பார்த்தும் இந்த இடைவெளி முழுசாக மறையவில்லை. எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டோம் என்று யாராவது சொன்னால் இந்த வெற்று மாத்திரையை நினைத்துக்கொள்வது நல்லது.

குடிக்கு குலுக்கல் முறையில் பார்த்தபோது

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர நேரான வழி, யாருக்கு எவ்வளவு சிகிச்சை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. 1977இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ் குழுவினர் லண்டனில் வெளியிட்ட சோதனை இன்றைக்கும் படிக்கச் சங்கடமானது. திருமணமான, குடிநோய் உள்ள 100 ஆண்கள். பாதிப் பேருக்கு அன்றைக்கு இருந்த முழுச் சிகிச்சையும் பல மாதங்களுக்கு. மீதிப் பேருக்கு மனைவியோடு சேர்த்து உட்காரவைத்து ஒரே ஒரு தடவை ஆலோசனை. பன்னிரண்டு மாதம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இருபது வருஷம் கழித்து, 1997இல் ப்ராஜெக்ட் மேட்ச் முடிவுகள் வந்தன. 1,726 பேர், மூன்று விதமான ஆலோசனைச் சிகிச்சை. இரண்டில் 12 அமர்வுகள், மூன்றாவதில் நாலே நாலு. மூன்றிலும் எல்லாரும் நன்றாகவே முன்னேறினார்கள், மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. 2005இல் கட்லர், ஃபிஷ்பெய்ன் என்ற இருவர் அதே தரவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். வெளிநோயாளிகளில் ஓர் அமர்வுக்குக்கூட வராமல் போனவர்கள், பின்தொடர்தலில் சராசரியாக 72 சதவீத நாட்கள் குடிக்காமல் இருந்தார்கள். முழுச் சிகிச்சை பெற்றவர்களிடம் தெரிந்த முன்னேற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ, எதுவுமே பெறாதவர்களிடமும் தெரிந்தது.

இதை வைத்து சிகிச்சையே தண்டம் என்று முடிவு கட்டக் கூடாது. வராமல் போனவர்களும் குலுக்கலில் வந்தவர்கள் இல்லை, தாங்களே போனவர்கள். அதோடு, ஒரு பெரிய ஆய்வில் சேரச் சம்மதித்து நீண்ட நேர்காணலுக்கு உட்கார்ந்ததே ஒரு தலையீடுதான். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: குடியைப் பொறுத்தவரை 'நாள் கூடினால் பலன் கூடும்' என்ற நேர்கோடு, குலுக்கிப் பார்த்த இடங்களில் தெரியவில்லை. உதவி தேடிக் கிளம்புவதே பாதி வேலையைச் செய்கிறது போல.

ஆனால் ஹெராயினில் கதை வேறு

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் இரண்டாவது தப்பைச் செய்திருப்பேன். 'எல்லாம் செலக்‌ஷன் பயாஸ்' என்று எழுதிவிட்டுப் போவது எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை.

2003இல் ஸ்வீடனிலிருந்து லான்செட் இதழில் வந்த ஒரு சோதனையைப் பாருங்கள். ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். குலுக்கலில் 20 பேருக்கு ஒரு வருஷம் முழுக்க தினமும் புப்ரனார்ஃபின். மீதி 20 பேருக்கு ஆறு நாள் மட்டும் படிப்படியாகக் குறைத்து, அப்புறம் வெற்று மாத்திரை. ஆலோசனை, குழுச் சிகிச்சை எல்லாம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். வருஷக் கடைசியில் மருந்துக் கூட்டத்தில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றதில் ஒருவர்கூட இல்லை. அந்த இருபது பேரில் நாலு பேர் இறந்திருந்தார்கள். மருந்துக் கூட்டத்தில் யாரும் இறக்கவில்லை.

சின்ன ஆய்வுதான். ஆனால் பெரிய தரவும் அதே திசையில் இருக்கிறது. 2017இல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வில், மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது 1,000 பேருக்கு ஆண்டுக்கு 11.3 மரணங்கள், வெளியேறிய பிறகு 36.1. புப்ரனார்ஃபினுக்கு 4.3, 9.5. இதுவும் கண்காணிப்புத் தரவுதான், மேலே சொன்ன சந்தேகம் இதற்கும் உண்டு. ஆனால் இங்கே வேலை செய்யும் முறை தெரிந்ததே. மருந்து உடம்பில் இருக்கும்வரை ஏக்கத்தையும் தவிப்பையும் அடக்குகிறது. நிறுத்தினால் அந்தக் காவல் போய்விடுகிறது. அதாவது இங்கே சிகிச்சையில் இருப்பது 'படிப்பை முடிப்பது' மாதிரி இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவது மாதிரி. இருப்பதே பலன்.

அப்படியானால் 'முடித்தவர்' என்ற சொல்லே இங்கே ஆபத்தாகிவிடுகிறது. 2003இல் லண்டனிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு. மருத்துவமனையில் தங்கி ஓபியம் வகைப் பழக்கத்திலிருந்து விடுபட வந்த 137 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அளவுக்கு மீறி எடுத்து இறந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே திட்டத்தை ஒழுங்காக முடித்து வெளியே போனவர்கள்! பாதியில் ஓடியவர்களில் அப்படி யாரும் இறக்கவில்லை. காரணம் எளிது. முடித்தவர்களின் உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருந்தது. பழைய அளவை ஒரே ஒரு நாள் எடுத்தால்கூடப் போதும். மூன்று என்பது சின்ன எண்தான். ஆனாலும் 'முடித்தால் பாதுகாப்பு' என்று நோட்டீஸ் அடிக்கும் முன் அந்த மூன்று பேரை நினைக்க வேண்டும்.

ஆக 90 நாள் என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்றில் தங்கியிருப்பது பெரும்பாலும் அடையாளம். இன்னொன்றில் தங்கியிருப்பதே மருந்து. எது எது என்று பிரிக்காமல் சொன்னால் இரண்டு பக்கமும் தப்பாகிறது.

பூட்டிய கதவு

இதுதான் நான் ராத்திரி பதினோரு மணிக்கு யோசிக்காமல் விட்டது. டார்ப், டேடாஸ் ஆய்வுகளில் நாள் கணக்குக்கு ஏன் மதிப்பு இருந்தது? அவர்களில் பலர்மேல் கோர்ட்டு, குடும்பம் என்று நெருக்கடி இருந்திருக்கும். ஆனாலும் எழுந்து போக நினைத்தவர் போக முடிந்தது. போகக்கூடியவர் போகாமல் இருந்தார் என்பதுதான் அந்த எண்ணில் இருக்கும் தகவல். கதவைப் பூட்டிவிட்டால் எல்லாரும் 90 நாள் இருப்பார்கள். எண் அப்படியே இருக்கும், அதற்குள் இருந்த தகவல் போய்விடும். நோட்டிஃபிகேஷன் அனுப்பி ஆப்பைத் திறக்க வைத்த கதைதான்.

சட்டமும் இதில் ஊமை இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரை மற்றவர்கள் துணையோடு சேர்க்க வழி உண்டு. ஆனால் அந்தப் பிரிவின் கீழ் முதலில் 30 நாள்தான். அதைத் தாண்ட வேண்டுமானால் தனி நடைமுறை, தனிப் பரிசோதனை. வண்டி அனுப்பி ஏற்றிக்கொண்டு போய் 90 நாள் வைப்பதற்கு 'ரிசர்ச் சொல்கிறது' என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. நான் அந்தச் சீட்டைத்தான் என் நண்பனுக்குக் கிழித்துக் கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. 'முடிக்காவிட்டால் இருந்ததும் வீண்' என்ற வாக்கியம். எந்த ஆய்வும் இதைச் சொல்லவில்லை. 41 நாள் குடிக்காமல் இருந்த ஈரலுக்கு அந்த 41 நாளும் கணக்குதான். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்ட குடும்பம் அவனைத் தோற்றவனாகப் பார்க்கத் தொடங்கியது. அவனும் அப்படியே தன்னைப் பார்த்தான். மூன்று வாரம் காணாமல் போனதற்கு அது காரணமா என்று என்னால் நிரூபிக்க முடியாது. மேலே இவ்வளவு எழுதிவிட்டு அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வாக்கியத்தை நானும் ஆமோதித்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

யாராவது இதே நிலையில் இதைப் படித்தால், மையத்திடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வெற்றி சதவீதம் என்கிறீர்களே, அது சேர்ந்தவர்களில் எத்தனை, முடித்தவர்களில் எத்தனை? போனில் கிடைக்காதவர்களை எந்தக் கணக்கில் வைத்தீர்கள்? முதல் வாரம் டாக்டர் இருப்பாரா? பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அது கவுன்சிலிங்கில் தீராது. அவராகப் போக விரும்பினால் என்ன செய்வீர்கள்? போனவர் திரும்பி வந்தால் எப்படி நடத்துவீர்கள்? 91-ஆவது நாள் என்ன திட்டம்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் 90 என்ற எண்ணுக்கு அர்த்தம் குறைவு. தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பதுதான் விஷயம் என்றால், அது படுக்கையிலேயே இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு ஓபி சீட்டாக இருக்கலாம், ஏஏ கூட்டமாக இருக்கலாம், வாரம் ஒரு போனாக இருக்கலாம். வழுக்கினவர் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வர முடிகிறது என்பதை அளந்தால், அது நாள் கணக்கைவிட நேர்மையான அளவாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலில் கோபப்பட்டான். "அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற" என்றான். நியாயம்தான். தம்பி இப்போது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மாத்திரைக்குப் போய் வருகிறான். நடுவில் இரண்டு முறை குடித்தான், இரண்டு முறையும் அடுத்த ஓபிக்குப் போனான். இது வெற்றியா தோல்வியா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. 90 நாள் பேக்கேஜின் மீதிப் பணம் இன்னும் திரும்பி வரவில்லை.